எந்த வாசல்?

ஜப்பான் போய்வருகிறவர்கள் எவ்வளவு பெருகிவிட்டார்கள் என்பதை இந்த மாதத் தபாலே சொல்லிவிட்டது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டோக்கியோவில் வழி தெரியாமல் திண்டாடிய கதை. எல்லாருமே தங்கள் அசட்டுத்தனத்தை நொந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரின் ஒழுங்கு நம் ஊர் ஒழுங்கிலிருந்து வேறுபட்டது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நடந்தது இவ்வளவுதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கங்களை டோக்கியோவுக்கே கொடுத்துவிட்டேன்.

கையில் முகவரி, போனில் மேப். இரண்டும் இருந்தும் ஓட்டலைக் கண்டுபிடிக்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். முகவரியில் தெருப் பெயரே இல்லையே, எப்படிப் போவது? — சேலம் வாசகர்

தெருவைத் தேடியதில்தான் நேரம் போயிருக்கிறது. டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. தெருக்களுக்கு நடுவில் இருக்கும் நிலத்துக்குத்தான் எண். டோக்கியோ மாநகர அரசின் தலைமை அலுவலக முகவரியைப் பாருங்கள்: ஷின்ஜுகு வட்டம், நிஷி-ஷின்ஜுகு 2-8-1. நிஷி-ஷின்ஜுகு என்பது பேட்டை. 2 என்பது அந்தப் பேட்டையின் இரண்டாம் பகுதி, ‘சோமே’ என்பார்கள். 8 என்பது அந்தப் பகுதிக்குள், நாலு பக்கமும் தெரு சூழ்ந்த ஒரு கட்டம். கடைசி 1, அந்தக் கட்டத்தில் இருக்கும் கட்டடம்.

முன்பெல்லாம் மனை பதிவான வரிசைப்படியே எண் விழுந்ததால், அஞ்சாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருபத்துமூன்று நின்றது. தபால்காரருக்கே தலைசுற்றல். 1962-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி எண் போட்ட பகுதிகளில், கோயிலை வலம் வருவதுபோல, கட்டத்தைச் சுற்றி வலப்பக்கமாகவே எண்கள் ஏறிக்கொண்டு போகும். எல்லாப் பகுதிகளும் இன்னும் மாறிவிடவில்லை.

அடுத்த முறை மின்கம்பத்தைப் பாருங்கள். பல கம்பங்களில் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே ஒரு விளம்பரம் சுற்றியிருக்கும். பல் மருத்துவமனை, அடகுக்கடை என்று ஏதாவது. அதன் அடிப்பகுதியில் பேட்டையின் பெயரும் சோமே எண்ணும் கட்ட எண்ணும் இருக்கும். கட்டட மூலைகளிலும் சின்னத் தகடு அடித்திருப்பார்கள். முதலில் சோமே, அப்புறம் கட்டம், கடைசியில் கட்டடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மேப்பில் வரும் நீலப் புள்ளி உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகும். கம்பத்தில் இருக்கும் தகடு நகராது.

யமனோதே ரயிலில் அசதியில் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் ஏறிய ஸ்டேஷனுக்கே வந்திருந்தேன்! — விருதுநகர் வாசகர்

தூங்குவதற்குச் சரியான ரயிலைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அது வட்டப் பாதை: 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வேறு தடமாக இருந்திருந்தால் பக்கத்து மாகாணத்தில் கண் விழித்திருப்பீர்கள். டோக்கியோ மணி நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. போய் இறங்கிய முதல் இரண்டு நாள் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகத்தான் செய்யும்.

ஷின்ஜுகுவில் நண்பரைச் சந்திப்பதாக ஏற்பாடு. இருவருமே ஷின்ஜுகு ஸ்டேஷனில்தான் நின்றோம். இருந்தும் சந்திக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஏன்? — திருநெல்வேலி வாசகர்

‘ஷின்ஜுகு ஸ்டேஷன்’ என்பது ஓர் இடமே கிடையாது, ஒரு பேட்டை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 35 லட்சம் பேர் புழங்குகிற, உலகிலேயே அதிக நெரிசலான நிலையம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. இருநூறுக்கு மேல் வாசல்கள். கிழக்கு வாசலில் ஏறினால் கபுகிச்சோவின் வண்ண விளக்குகளும் கடைகளும். மேற்கு வாசலில் ஏறினால் அலுவலகக் கோபுரங்கள். தெற்கு வாசலில் ஏறினால் 2016-இல் திறந்த பெரிய பேருந்து நிலையம். மூன்றும் மூன்று ஊர் மாதிரி இருக்கும். ஒன்றில் நிற்பவருக்கு மற்றது கண்ணிலேயே படாது.

கிழக்கிலிருந்து மேற்குக்கு டிக்கெட் இல்லாமல் நேராக நடந்து கடக்கும் பாதை 2020 ஜூலையில்தான் திறந்தது. அதற்கு முன் தவறான பக்கம் வெளியே வந்தவர்கள் நிலையத்தையே சுற்றிக்கொண்டு நடந்தார்கள். இந்தச் சிரமம் டோக்கியோக்காரர்களுக்கும் உண்டு.

இனிமேல் யாரையாவது சந்திப்பதாக இருந்தால் ‘எந்த ஸ்டேஷன்’ என்று கேட்டதோடு விடாதீர்கள். ‘எந்த வாசல்’ என்று கேளுங்கள். சுரங்க ரயில் நிலையங்களில் வாசலுக்கு ஏ3, பி5 என்று எண்ணே உண்டு. வண்டியை விட்டு இறங்கியதும் ஓடாதீர்கள். நடைமேடையிலேயே மஞ்சள் பலகையில் எந்த வாசலில் எந்தக் கட்டடம் என்று பட்டியல் இருக்கும். நின்று படியுங்கள். தவறான படிக்கட்டில் ஏறிவிட்டு, பத்து வழிச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று தவிப்பதைவிட அந்த அரை நிமிடம் லாபம்.

திரும்பும் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே விமான நிலையம் போய்விட்டோம். வேறு விமான நிலையத்துக்கு! — கோயம்புத்தூர் தம்பதி

படிக்கும்போதே வயிறு கலங்கியது. நேரம் வைத்துக்கொண்டு கிளம்பிய உங்கள் பழக்கம்தான் விமானத்தைப் பிடித்துக்கொடுத்திருக்கிறது. டோக்கியோவுக்கு இரண்டு விமான நிலையங்கள். ஹானெதா நகருக்குள்ளேயே, கடலோரத்தில் இருக்கிறது. நரிதா 1978-இல் திறந்தது. நகர மையத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, சிபா மாகாணத்தில். வருவது ஒன்றில், திரும்புவது மற்றொன்றில் என்று டிக்கெட் அமைவது சகஜம். டிக்கெட்டில் எச்.என்.டி. என்றால் ஹானெதா, என்.ஆர்.டி. என்றால் நரிதா. அந்த மூன்று எழுத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹானெதாவில் இறங்கி கெய்க்யூ ரயில் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒரே நிலையத்திலிருந்து சில வண்டிகள் ஷினாகவா வழியாக டோக்கியோவுக்குள் போகும், சில யோகோஹாமாவுக்குப் போகும். வண்டியின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நெற்றியில் எழுதியிருக்கும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

சுரங்க ரயிலைத் தேடிக் கீழே கீழே இறங்கினேன். கடைசியில் ‘மூன்றாவது மாடிக்குப் போங்கள்’ என்றார்கள். என்னைக் கேலி செய்தார்களா? — காரைக்குடி வாசகி

உண்மையைத்தான் சொன்னார்கள். நீங்கள் நின்றது ஷிபுயா. அந்தப் பேட்டை ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. கின்சா தடம் பூமிக்கடியில் மட்டமாக வந்துகொண்டே இருக்க, தரை சரிந்து தாழ்ந்துவிட, ரயில் அந்தரத்தில் வெளியே வந்து மூன்றாவது மாடி உயரத்தில் நிற்கிறது. 1938-இல் ரயில் ஷிபுயாவுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். அதே நிலையத்தில் ஃபுகுதோஷின் தடம் தரைக்குக் கீழே ஐந்தாவது தளத்தில் ஓடுகிறது. ஷிபுயாவில் வண்டி மாறுவதாக இருந்தால் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்ட் இருக்கும் வாசலை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரஜினி பெயரைச் சொன்னால் டோக்கியோவில் வழி காட்டுவார்களாமே? — பரமக்குடி வாசகர்

‘முத்து’ படம் 1998-இல் ஷிபுயாவில் ஒரு திரையரங்கில் மாதக்கணக்கில் ஓடியது. அந்தத் தலைமுறை ரசிகர் யாராவது மாட்டினால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். வழிக்கு மட்டும் வாசல் எண்ணைச் சொல்லுங்கள்.

பிஸ்கட் தாளைப் போடக் குப்பைத்தொட்டி தேடி மூன்று ஸ்டேஷன் தாண்டினேன். — புதுச்சேரி வாசகி

1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயில்களில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு நிலையங்களிலும் தெருக்களிலும் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நீங்களும் ஒரு பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளுங்கள். பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் தொட்டி காலி பாட்டிலுக்கு மட்டும்.

மகன் நிஷி-கசாயில் இருக்கிறான். நானும் அவரும் தோசாய் ரயிலில் ஏறினோம். நிஷி-கசாய் ஸ்டேஷன் ஜன்னலில் தெரிந்தது, ரயில் நிற்கவே இல்லை! ஆற்றைத் தாண்டி எங்கேயோ கொண்டுபோய் இறக்கிவிட்டது. அவருக்கு ரத்தக்கொதிப்பு வேறு. பயந்தே போய்விட்டோம். — கும்பகோணத்து அம்மா

அம்மா, நீங்கள் ஏறியது துரித வண்டி. தோசாய் தடத்தில் எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது. கிழக்கே போகும் துரித வண்டி தொயோச்சோவில் நின்றால், அடுத்து உராயாசுதான். நடுவில் மினாமி-சுனமாச்சி, நிஷி-கசாய், கசாய் மூன்றையும் விட்டுவிட்டு ஓடும். உராயாசு டோக்கியோவே கிடையாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிபா மாகாணம். கேட்கத்தான் பயம்; எதிர்த் திசையில் எல்லா இடத்திலும் நிற்கும் வண்டியில் ஏறினால் இரண்டாவது நிலையம் உங்கள் வீடு. நிலையத்தை விட்டு வெளியே போகாமல் எதிர் நடைமேடைக்கு நடந்தால் போதும்.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தமும் ஏற்பட்டது, உங்கள் மகன்மேல் கொஞ்சம் கோபமும் வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினி வேலைக்கு வந்தவர்களில் தொடங்கி, எதோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் சுற்றிலும் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அத்தனை வீட்டுக்கும் அப்பா அம்மா வந்துபோகிறார்கள். அரிசி எங்கே கிடைக்கும், தயிர் எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள், ‘இந்த வண்டி நம் ஸ்டேஷனில் நிற்காது’ என்ற ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தினமும் போகிறவனுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை. பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். சுரங்க ரயில் நிலையங்களுக்கு 2004-இலிருந்து எண் கொடுத்திருக்கிறார்கள். நிஷி-கசாய், டி 16. கசாய், டி 17. உராயாசு, டி 18. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண் நினைவில் நிற்கும். வண்டி வரும்போது பலகையில் ஆங்கிலத்தில் ‘லோக்கல்’ என்று இருந்தால் ஏறுங்கள், ‘ரேபிட்’ என்று இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். இன்னொன்று: கசாய்-ரின்காய் பூங்கா என்று ஒரு நிலையம் உண்டு. அது வேறு ரயில், வேறு தடம்; அந்தப் பெயரைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். அப்பாவின் மாத்திரையை மட்டும் எப்போதும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

கார்டைத் தட்டினேன், கேட் படாரென்று மூடிக்கொண்டது. பின்னால் பெரிய வரிசை. மானம் போயிற்று. — ஓசூர் வாசகர்

மானம் போக ஒன்றும் இல்லை. அங்கே கேட் திறந்தேதான் இருக்கும். கணக்கில் ஏதாவது இடித்தால் மட்டும் மூடும். சுய்கா, பாஸ்மோ கார்டுகளில் பணம் குறைந்துவிட்டால் இப்படி மூடும்; தினமும் உள்ளூர்க்காரர்களுக்கே நடக்கிறது. ஒதுங்கி வந்து, கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கட்டணம் சரிசெய்யும் இயந்திரத்தில் கார்டைச் செருகிப் பணம் போடுங்கள். கையில் ரொக்கம் வேண்டும்; பல இயந்திரங்கள் நோட்டும் சில்லறையும்தான் வாங்கும். காகித டிக்கெட் எடுப்பவர்கள், கட்டணம் புரியாவிட்டால் ஆகக் குறைந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம். இறங்கும் இடத்தில் இதே இயந்திரத்தில் மீதியைக் கட்டலாம்; அது அங்கே முறையான வழி.

ஆனால் டோக்கியோவில் கார்டைத் தட்டிவிட்டுச் சாதாரண ரயிலிலேயே நகோயா வரை போய் இறங்கினால் கேட் திறக்காது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கார்டு எல்லை உண்டு. தொலைதூரத்துக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

டிஸ்னிலேண்ட் போக டோக்கியோ ஸ்டேஷனில் ரயில் மாறினோம். ஸ்டேஷனுக்குள்ளேயே நடந்து நடந்து குழந்தைகள் அழுதுவிட்டார்கள். ஏன் இவ்வளவு தூரம்? — தஞ்சாவூர் வாசகி

கெய்யோ தடத்தின் நடைமேடை மற்றவற்றிலிருந்து தெற்கே வெகுதூரம் தள்ளி, பூமிக்கடியில் இருக்கிறது. நரிதாவுக்குப் புல்லட் ரயில் விட ஒரு காலத்தில் திட்டமிட்டார்கள், அது கைவிடப்பட்டது. அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் 1990-இல் கெய்யோ ரயில் வந்து நின்றது. குழந்தைகளோடு போகிறவர்கள் ஹிபியா சுரங்க ரயிலில் ஹச்சோபோரி போய் அங்கே கெய்யோவுக்கு மாறலாம். நடை வெகுவாகக் குறையும். இறங்கவேண்டிய இடம் மைஹாமா.

காலையில் ஒரு பெட்டியில் ஏறினோம். சுற்றிலும் பெண்கள். என் கணவர் மட்டும் ஒரே ஆண். எல்லாரும் பார்த்தார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை! — திண்டுக்கல் வாசகி

சொல்லமாட்டார்கள், அதுதான் அந்த ஊர். வார நாட்களில் காலை நெரிசல் நேரத்தில் பல தடங்களில் ஒரு பெட்டி பெண்களுக்கு. நடைமேடைத் தரையிலும் ஜன்னலிலும் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். நெரிசலில் பெண்கள் பட்ட துன்பத்துக்காகக் கேட்டு வாங்கிய இடம் அது, மதிக்கவேண்டும். கணவரை அடுத்த பெட்டியில் ஏற்றுங்கள். ஏறுவதற்கு முன் இறங்கும் நிலையத்தின் எண்ணை இருவரும் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.

டாக்ஸி டிரைவரிடம் ஆங்கிலத்தில் முகவரி காட்டினேன். தலையைச் சொறிந்தார். — நாகர்கோவில் வாசகர்

ஓட்டலின் தொலைபேசி எண்ணைக் காட்டியிருக்கவேண்டும். ஜப்பான் கார்களில் இருக்கும் வழிகாட்டிக் கருவியில் தொலைபேசி எண்ணைப் போட்டாலே இடம் வந்துவிடும். ஓட்டல் வரவேற்பில் ஜப்பானிய எழுத்தில் முகவரி அச்சிட்ட அட்டை கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இன்னொன்று, பின்கதவை நீங்கள் திறக்கவேண்டாம், மூடவும் வேண்டாம். ஓட்டுநர் தன் இடத்திலிருந்தே இயக்குவார். தள்ளி நின்றால் முழங்காலில் இடிக்காது.

பன்னிரண்டரைக்கு ஸ்டேஷன் போனால் ரயில் இல்லை என்கிறார்கள். இவ்வளவு பெரிய ஊரில் இரவெல்லாம் ரயில் இல்லையா? — சென்னை வாசகர்

இல்லை. நள்ளிரவையொட்டிக் கடைசி வண்டிகள் போய்விடும். ஒரு மணிக்குள் ஊர் அடங்கும். மறுபடி காலை நாலரை, ஐந்து மணிக்குத்தான். பலர் ஏமாறும் இடம் எதுவென்றால், நீங்கள் ஏறும் தடத்தின் கடைசி வண்டியைப் பிடித்துவிடுவீர்கள், மாறவேண்டிய தடத்தில் கடைசி வண்டி அதற்குள் போயிருக்கும். ஆகவே கடைசிக் கட்டத்து ரயிலின் நேரத்தை முதலில் பாருங்கள். டாக்ஸிக்கு இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். நரிதா பக்கம் தங்கியிருந்தால் டாக்ஸியை நினைக்கவே வேண்டாம். ஸ்டேஷன் பக்கத்தில் கேப்ஸ்யூல் ஓட்டலில் படுத்துவிட்டு முதல் வண்டியில் போங்கள்.

பர்ஸை ரயிலில் விட்டுவிட்டேன். பணம், கார்டு எல்லாம் அதில். மூன்றாம் நாள் அப்படியே திரும்பி வந்தது. இது அதிர்ஷ்டமா? — ஈரோடு வாசகர்

உங்கள் அதிர்ஷ்டத்தைவிட அங்கே உள்ள ஏற்பாட்டுக்குப் பங்கு அதிகம். டோக்கியோ காவல்துறையிடம் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேல் தொலைந்த பொருட்கள் வந்து சேருகின்றன. குடைகள் மட்டும் லட்சக்கணக்கில். ரயிலில் கிடைத்தது முதலில் அந்த ரயில் கம்பெனியின் நிலையத்தில் இருக்கும். சில நாளில் ஈதபாஷி பக்கம் இருக்கும் காவல்துறை மையத்துக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, யார் கொடுத்தார் என்று சீட்டு எழுதிக் கட்டுகிறார்கள். மூன்று மாதம் உரியவர் வரவில்லை என்றால் கண்டெடுத்தவருக்கே உரிமை. கண்டெடுத்துக் கொடுப்பவருக்கும் சட்டம் மரியாதை செய்கிறது. நம் ஊரில் தொலைந்த பையைக் காவல் நிலையத்தில் கொடுக்கப் போகிறவர், ‘நீ எப்படி எடுத்தாய்’ என்ற விசாரணைக்குப் பயந்து திரும்பிவிடுகிறார். எடுத்துக் கொடுப்பவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசினால் இங்கேயும் பர்ஸ்கள் திரும்பி வரும். நான் முழுமனதாக நம்புகிறேன்.

மற்றவர்களுக்காக: பொருள் தொலைந்தால் உடனே பக்கத்துக் ‘கோபன்’ போங்கள். தெருமுனைக் காவல் சாவடி அது. இரண்டு மூன்று காவலர்கள், சுவரில் அந்தப் பேட்டையின் பெரிய வரைபடம். வழி சொல்வதே அவர்கள் வேலையில் பாதி. பணத்தைத் தொலைத்துவிட்டு வீடு திரும்ப வழியில்லாமல் நிற்பவருக்குப் பயணச் செலவுக்குச் சிறு தொகை கடன் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எந்த ரயில், எத்தனை மணிக்கு, எத்தனாவது பெட்டி என்று நினைவில் இருந்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி.

ரயில் நடுவழியில் நின்றது. எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறின. என் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். என்ன செய்திருக்கவேண்டும்? — நாகப்பட்டினம் வாசகி

நீங்கள் செய்ததைத்தான். மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதுவே சரி. அது நிலநடுக்க முன்னெச்சரிக்கை. அதிர்வின் முதல் அலையைக் கருவிகள் பிடித்ததும், பெரிய அலை வருவதற்குள் போன்களுக்குச் செய்தி பாயும், ரயில்கள் நிறுத்தப்படும். கிடைப்பது சில நொடிகள். தலையைக் காத்துக்கொள்ளுங்கள், கம்பியைப் பிடியுங்கள், கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பக்கத்துத் தடத்தில் மின்சாரம் இருக்கலாம். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சோதித்துவிட்டு வண்டியை எடுப்பார்கள்.

பெரிதாக வந்தால் நிலைமை வேறு. 2011 மார்ச் 11 அன்று டோக்கியோவின் ரயில்கள் நின்றன. தலைநகர் வட்டாரத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் அன்று வீடு திரும்ப முடியாமல் தவித்ததாக அரசின் மதிப்பீடு. இரவெல்லாம் சாலையோரம் வரிசையாக நடந்தார்கள். அதிலிருந்து அவர்கள் கற்றது, உடனே கிளம்பாமல் இருக்கும் இடத்திலேயே பத்திரமாகத் தங்குவது. ‘சேஃப்டி டிப்ஸ்’ என்ற இலவசச் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்; எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வரும். சுனாமி பார்த்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். அந்த அலறல் உங்களுக்குள் எதைக் கிளப்பியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

நேதாஜியின் அஸ்தி இருக்கும் கோயிலுக்குப் போகக் கிளம்பி வேறு எங்கேயோ போய்விட்டேன். சரியான வழி சொல்லுங்கள். — மதுரை வாசகர்

ரென்கோஜி கோயில். சுகினாமி வட்டத்தில் இருக்கிறது. நேதாஜியுடையது என்று சொல்லப்படும் அஸ்தியை 1945 செப்டம்பரிலிருந்து அங்கே காத்துவருகிறார்கள். அது அவருடையதுதானா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. நேரு 1957-இல் அங்கே போயிருக்கிறார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்த முற்றத்தில் இருக்கும் மார்பளவுச் சிலைமுன் நிற்பது சும்மா ஒரு சுற்றுலா இல்லை.

ஷின்ஜுகுவில் மருனோவுச்சி தடத்தில் ஏறி, எம் 04 ஹிகாஷி-கொயென்ஜியில் இறங்குங்கள். நீங்கள் வழி மாறிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடம் நாகனோ-சகாவுவே நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஒகிகுபோ போகும், மற்றது ஹோனான்ச்சோ போகும். ஒகிகுபோ வண்டியில்தான் ஏறவேண்டும். திரும்பும்போது ஷின்ஜுகு கிழக்கு வாசல் பக்கம் நகமுராயா கடை இருக்கிறது. பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி வந்த ராஷ் பிஹாரி போஸுக்கு அடைக்கலம் கொடுத்தது அந்தக் கடைக்காரர் குடும்பம். 1927-இலிருந்து அங்கே இந்தியக் கறி போடுகிறார்கள். ஒரே நாளில் இரண்டு போஸ்களையும் பார்த்துவிடலாம்.

50,000 யென் கொடுத்து ரயில் பாஸ் வாங்கினேன். நொசோமி ரயிலில் ஏறியதும் கூடுதல் பணம் கேட்டார்கள். — திருப்பூர் வாசகர்

நொசோமி அந்தப் பாஸில் அடங்காது, ஹிகாரி அடங்கும். சுரங்க ரயிலும் அடங்காது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென்னாக ஏறியபின், டோக்கியோ–கியோட்டோ போய்வர மட்டும் என்றால் பாஸே வேண்டாம். நொசோமியிலேயே ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென்தான். கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் அம்மா நிஷி-கசாயிலிருந்து அசகுசா கோயிலுக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. விடலாமா? — டோக்கியோவில் வசிக்கும் மகள்

விடுங்கள். நான்கு சுவருக்குள் பேரனைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு, விமான நிலையத்தையும் உங்கள் வீட்டையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாக்கள் எத்தனையோ பேர். அவராகக் கேட்கிறார் என்பதே பெரிய விஷயம்.

வழியும் சுலபம். டி 16-இல் நாகனோ பக்கம் போகும் எந்த வண்டியிலும் ஏறலாம். டி 10 நிஹொன்பாஷியில் இறங்கி, ஆரஞ்சு நிற கின்சா தடத்துக்கு மாறவேண்டும். ஜி 19 அசகுசாதான் அந்தத் தடத்தின் கடைசி நிலையம். தாண்டிப்போக வழியே இல்லை. 1927-இல் டோக்கியோவின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதே இந்த அசகுசாவிலிருந்துதான். 1-ஆம் வாசலில் ஏறினால், பெரிய சிவப்பு விளக்குத் தொங்கும் கமினாரிமோன் கோபுரவாசல் பக்கத்திலேயே. திரும்பும்போது நிஹொன்பாஷியில் ‘லோக்கல்’ பார்த்து ஏறச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு நாள் கூடப் போய், நீங்கள் பின்னால் நடந்து, அவரை முன்னால் விட்டுப் பாருங்கள். வீட்டு முகவரியையும் உங்கள் எண்ணையும் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

காலை பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். தோசாய் தடத்தின் காலை நெரிசல் 2019 கணக்கில் 199 சதவீதம், அந்த ஆண்டு டோக்கியோ வட்டாரத்திலேயே அதிகம். பத்துக்கு மேல் உட்கார இடம் கிடைக்கும். அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தரம் போன் செய்யாதீர்கள். ரயிலுக்குள் அங்கே யாரும் போனில் பேசுவதில்லை, அவரும் எடுக்கமாட்டார்.